லேபிள் கரைந்த பாட்டிலில் என்ன இருந்தது? ஒரு பள்ளி ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டித் தீர்த்தது. வேளச்சேரிப் பக்கம் இருக்கும் எங்கள் மேல்நிலைப் பள்ளியின் தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வேதியியல் ஆய்வகம் முதல் மாடியில் இருப்பதால் தப்பியது. ஆனால் ரசாயனங்களை வைக்கும் ஸ்டோர் ரூம் கீழே. அடித்தட்டில் இருந்த பாட்டில்கள் தண்ணீர் வடியும்வரை சேற்றிலேயே நின்றன. மூடி இறுக்கமாக இருந்தவற்றுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. லேபிள்கள் மட்டும் கூழாகிப் போயின.

அவற்றில் ஒரு பாட்டிலைப் பற்றியது இந்தக் குறிப்பு. அரைக் கிலோ கொள்ளும் பழுப்புக் கண்ணாடி பாட்டில், முக்கால்வாசி நிறைந்திருந்தது. உள்ளே நிறமற்ற படிகங்கள். மேலே கொஞ்சம் கட்டிதட்டியும் அடியில் உதிரியாகவும் இருந்தன. வாசனை இல்லை. இந்த மாதிரி நேரத்தில் வெள்ளைப் பொருட்கள்தான் தொல்லை. நீலமாக இருந்தால் மயில்துத்தமா (காப்பர் சல்பேட்) என்று பார்க்கலாம், வெளிர்பச்சை என்றால் அன்னபேதியா (ஃபெரஸ் சல்பேட்) என்று பார்க்கலாம். பள்ளி அலமாரியில் பாதிக்கு மேல் வெள்ளை.

பேசாமல் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தலைமையாசிரியர் கேட்டார். எங்கே போடுவது? என்னவென்று தெரியாத பொருளைச் சிங்க்கில் கரைத்து ஊற்றவும் முடியாது, குப்பை வண்டியில் ஏற்றவும் முடியாது. லெட் நைட்ரேட்டாக இருந்தால் ஒரு வழி, பேரியம் குளோரைடாக இருந்தால் வேறு வழி. அப்புறப்படுத்துவதற்கே அடையாளம் வேண்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வைத்துக்கொண்டு பிளஸ் டூ மாணவிகள் உப்புப் பகுப்பாய்வைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களில் இருவரைச் சேர்த்துக்கொண்டேன். ரசாயன இருப்புப் பதிவேடு மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை அவர்களிடம் காட்டவில்லை, நானும் புரட்டிப் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுச் சோதித்தால் பட்டியலில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

தொடுவதற்கு முன்

எல்லா மர்ம பாட்டிலையும் திறந்துவிடக் கூடாது. மஞ்சள் படிகம், மூடியைச் சுற்றி உப்புப் பூத்தது போன்ற படிவு, எண்ணெயில் மூழ்கிய உலோகத் துண்டு, இவை மூன்றும் எங்கள் விதிப்படி ஓரமாகப் போய்விடும். மஞ்சள் படிகம் பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். அது ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்வே அதற்குப் போதும். நம் பாட்டிலின் மூடி சுத்தமாக இருந்தது, உள்ளே இருப்பதும் வெள்ளை. அதனால் திறந்தோம்.

பிறகு வரிசை. பாடப்புத்தக அட்டவணை நிறம், மணம் பார்த்துவிட்டு நேராக உலர் சூடாக்கலுக்குப் போகச் சொல்லும். தேர்வில் தரும் உப்புக்கு அது சரி. அங்கே ஆசிரியர் தேர்ந்தெடுத்த எளிய உப்பு, ஒரே ஒரு நேர் அயனி (உலோகம் அல்லது அம்மோனியம்), ஒரே ஒரு எதிர் அயனி (குளோரைடு, சல்பேட் போன்ற மறுபாதி). பெயர் தெரியாத பாட்டிலுக்கு அந்த வரிசையை நான் திருப்பிப் போட்டேன். பழைய பள்ளி ஆய்வகங்களில் மெர்குரிக் குளோரைடு இருந்திருக்கிறது. அதுவும் வெள்ளை, அதுவும் சூடாக்கினால் ஆவியாகிக் குழாயின் மேற்புறம் வெள்ளையாகப் படியும். அந்த ஆவியை மூக்குக்குக் கொடுத்துவிட்டு 'வெண்ணிறப் பதங்கம், அம்மோனியம் உப்பாக இருக்கலாம்' என்று நோட்டில் எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆர்சனிக் ஆக்சைடும் இதே ரகம். சென்னையில் அரசு வேதியியல் பரிசோதகர் அலுவலகம் 1849-இலேயே தொடங்கப்பட்டது, இன்றைய தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். அப்படி ஓர் அலுவலகத்துக்கு வேலை கொடுத்த விஷங்களில் பல பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும்: சும்மா ஒரு வெள்ளைத் தூள்.

ஆக, முதலில் கரைசல் சோதனைகள், சூடு பிறகு. ஒவ்வொரு சோதனைக்கும் கடுகளவு பொருள்தான். கண்ணாடியும் கையுறையும் போட்டாக வேண்டும். நாக்குக்கு வேலையே இல்லை.

ஒன்றும் வராத சோதனைகள்

வாலை வடிநீரில் படிகங்கள் மெதுவாகக் கரைந்தன, லேசாகச் சூடேற்றியதும் சட்டென்று. கரைசல் நிறமற்றது, தெளிவானது. நீல லிட்மஸ் நன்றாகச் சிவந்தது. சமையல் சோடாவைக் கொஞ்சம் போட்டதும் நுரைத்துப் பொங்கியது, வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியது.

"ஆசிட்தான் மிஸ்" என்றாள் ஒருத்தி.

அவசரப்படாதே என்றேன். லிட்மஸைச் சிவக்க வைக்க அமிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. படிகாரம் சிவக்க வைக்கும். ஜிங்க் சல்பேட் சிவக்க வைக்கும். சோடியம் பைசல்பேட் சிவக்கவும் வைக்கும், சோடாவோடு சேர்த்தால் பொங்கவும் பொங்கும். அதற்கு 'உப்பு' என்றுதான் பெயர். இந்த இடத்தில் எழுத வேண்டியது 'கரைசல் அமிலத்தன்மை உடையது' என்பது மட்டும்.

அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே ஒரு கவனம் தேவை. கரைசலே அமிலமாக இருப்பதால் முதலில் விழும் சொட்டுகள் அமிலத்தை நடுநிலையாக்கவே செலவாகிவிடும். நாலு சொட்டு விட்டுவிட்டு 'வீழ்படிவு இல்லை' என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. சிவப்பு லிட்மஸ் நீலமாகும்வரை சேர்த்தோம், அதன்பிறகு அதிகமாகவும் சேர்த்தோம். ஒன்றும் வரவில்லை. வெள்ளை வீழ்படிவு எந்தக் கட்டத்திலும் தோன்றாததால் அலுமினியம், துத்தநாகம், காரீயம், மெக்னீசியம் நான்கும் போயின. மஞ்சள் வீழ்படிவு வராததால் மெர்குரிக் உப்பும் போனது. அதே குழாயைச் சூடேற்றிப் பார்த்தோம். அம்மோனியா நெடி இல்லை, நெஸ்லர் காரணியும் நிறம் மாறவில்லை.

பொட்டாசியம் அயோடைடு: மாற்றம் இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: இல்லை. அம்மோனியா சேர்த்துக் காரமாக்கி அம்மோனியம் கார்பனேட்: இல்லை, எனவே பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் மூன்றும் இல்லை. சுடர்ச் சோதனையில் மஞ்சள் தெரிந்தது. ஆனால் பொருளைத் தொடாமல், விரலால் தடவிய வெறும் கம்பியைக் காட்டினாலும் அதே மஞ்சள்தான் வந்தது. நம் கை வியர்வையில் உள்ள சோடியமே போதும், சுடரை ஏமாற்றிவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் பொட்டாசியத்தின் ஊதாவும் இல்லை.

மாணவிகளின் முகம் தொங்கிவிட்டது. நேர் அயனிப் பத்தி முழுக்க 'இல்லை, இல்லை, இல்லை'. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இல்லை என்ற விடை தோல்வி மாதிரி தெரிகிறது. எனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒவ்வோர் 'இல்லை'யும் அலமாரியில் இருந்து சில பாட்டில்களை எடுத்து வெளியே வைக்கிறது.

எதிர் அயனிகளில் கொஞ்சம் விளையாட்டு இருந்தது. கரைசலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அமிலமாக்கி பேரியம் குளோரைடு விட்டோம். வீழ்படிவு இல்லை. சல்பேட் இல்லை, அதோடு பைசல்பேட் என்ற சந்தேகமும் தீர்ந்தது. பழுப்பு வளையம் வரவில்லை, நைட்ரேட்டும் இல்லை. சில்வர் நைட்ரேட் விட்டதும் ஒருத்தி துள்ளினாள்: பளிச்சென்று வெள்ளை வீழ்படிவு. "குளோரைடு மிஸ்!" நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விடச் சொன்னேன். கரைந்து காணாமல் போனது. சில்வர் குளோரைடு அப்படிக் கரையாது. முதலில் நைட்ரிக் அமிலம், பிறகுதான் சில்வர் நைட்ரேட் என்று அட்டவணை சொல்வதன் காரணம் இதுதான்: வெள்ளியோடு வெள்ளையாக விழும் எதிர் அயனிகள் நிறைய உண்டு, அமிலத்தில் தாக்குப்பிடிப்பவை கொஞ்சம்தான். அந்த வீழ்படிவைக் காயவிடாமல் அமிலத்தில் கரைத்தே கழிவு ஜாடியில் சேர்த்தேன். ஏன் என்பது பிறகு தெரியும்.

போர் தண்ணி சொன்ன சாட்சி

வாலை வடிநீர் கேன் காலியானதும், இரண்டாம் மாணவி குழாய்த் தண்ணீரிலேயே கொஞ்சம் படிகத்தைக் கரைத்திருக்கிறாள்.

"மிஸ், என்னோடது கலங்கிடுச்சு. இவளோடது தெளிவா இருக்கு. பாட்டில் ஒண்ணுதானே?"

எங்கள் பள்ளிக் குழாயில் வருவது போர் தண்ணி. அதைப் பற்றித் தென்சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கெட்டின் உட்புறம் வெள்ளைப் படலம், ஷவர் துளைகள் அடைப்பு, சோப்பு நுரைக்காத குளியல். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. பல போர்களின் தண்ணீர் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் ஊசலாடும். அந்தக் கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும்.

நாங்கள் கேட்ட கேள்வி: இந்தப் பொருள் தண்ணீரில் உள்ள எதைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வருகிறது? வாலை வடிநீரில் செய்த தெளிந்த கரைசலை இரண்டு குழாய்களில் எடுத்தோம். ஒன்றில் மெக்னீசியம் சல்பேட் கரைசல்: தெளிவாகவே நின்றது. இன்னொன்றில் கால்சியம் குளோரைடு: உடனே திட்டாக வெள்ளை. ஆக, கால்சியம்.

கால்சியத்தோடு வெள்ளை வீழ்படிவு தரும் எதிர் அயனிகள் பல. ஆனால் இங்கே நிலைமை விசேஷமானது: கரைசலே அமிலம், தண்ணீரில் இருந்த கால்சியமோ கொஞ்சம்தான், அப்படியும் விழுந்திருக்கிறது. கார்பனேட் அமிலத்தில் விழவே விழாது. கால்சியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும், இந்த அளவு கால்சியத்துக்கு அது அசையாது. தவிர சல்பேட் இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். பாஸ்பேட்டும் டார்ட்ரேட்டும் இருக்கலாம், ஆனால் இரண்டின் கால்சியம் உப்பும் அசிட்டிக் அமிலத்தில் கரைந்துவிடும். கலங்கிய குழாயில் அசிட்டிக் அமிலம் விட்டோம். கலங்கல் அப்படியே நின்றது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் தெளிந்தது.

அசிட்டிக் அமிலத்துக்கு அடங்காமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மட்டும் அடங்கும் கால்சியம் உப்பு என்றால் பள்ளி அட்டவணையில் ஒரே விடை: ஆக்சலேட். அறை வெப்பநிலையில் கால்சியம் ஆக்சலேட் ஒரு லிட்டர் தண்ணீரில் 6, 7 மில்லிகிராம்தான் கரையும். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பது இதுதான். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் தொண்டையை அரிப்பதும் இதன் ஊசிப் படிகங்களால்தான். சில்வர் நைட்ரேட்டோடு விழுந்த வெள்ளையும் இப்போது விளங்கியது. அது சில்வர் ஆக்சலேட். காய்ந்த நிலையில் சூடு பட்டாலோ தட்டினாலோ வெடிக்கக்கூடியது. மாணவர்கள் வடிகட்டி, தாளோடு உலர வைத்துவிட்டுப் போகும் பொருள் அல்ல.

அட்டவணைப்படி நடந்திருந்தால் இந்தத் தடயம் கிடைத்திருக்காது. 'குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதே' என்பது ஆய்வகத்தின் முதல் விதி. விதி சரியானதுதான். ஆனால் விதி மீறிய குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்காமல், ஏன் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்குத்தான் பாராட்டு.

சூடு

பாதரசமும் காரீயமும் இல்லை என்று ஆனபிறகு உலர் சூடாக்கலுக்கு வந்தோம். ஜன்னல்கள் திறந்து, மின்விசிறியை அணைத்து, குழாயின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிவைத்து.

முதலில் படிகம் இளகி உருகியது. குழாயின் மேற்புறம் நீர்த்துளிகள் கோத்தன. நீரற்ற காப்பர் சல்பேட் தூளில் ஒரு துளி பட்டதும் வெள்ளை நீலமானது. படிகநீர் உள்ள பொருள். தொடர்ந்து சூடாக்கியதும் நீர் வற்றி, குழாயின் குளிர்ந்த பகுதியில் வெள்ளை வளையம் படிந்தது, தொண்டையைக் கமறவைக்கும் புகையும் கொஞ்சம். வளையத்தைப் பார்த்ததும் "அம்மோனியம் குளோரைடு" என்று வாய்வரை வந்து, அம்மோனியா இல்லை என்று தாங்களே எழுதியது நினைவுக்கு வர, இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். வளையத்தைச் சுரண்டி நீரில் கரைத்தால் அதுவும் லிட்மஸைச் சிவக்க வைத்தது, கால்சியம் குளோரைடுக்கு வெள்ளையாக விழுந்தது. பொருள் சிதையாமல் கொஞ்சம் அப்படியே மேலேறியிருக்கிறது.

குழாயின் அடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கருகவில்லை, சர்க்கரை தீயும் வாசனை இல்லை, சாம்பல் இல்லை. இந்த இடத்தில் மூன்று கதவுகள் ஒன்றாகச் சாத்தப்பட்டன. சோடியம் ஆக்சலேட்டோ பொட்டாசியம் ஆக்சலேட்டோ என்றால் கார்பனேட் மிஞ்சும், அதில் அமிலம் விட்டால் பொங்கும். சிட்ரிக் அமிலம், டார்டாரிக் அமிலம் என்றால் கருகும். அம்மோனியம் ஆக்சலேட் எச்சமின்றிப் போகும், ஆனால் அம்மோனியா காட்டியிருக்கும்.

நேர் அயனி கிடைக்காததற்குக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. உலோகமே இல்லை. நாங்கள் உப்புக்கான அட்டவணையை வைத்து உப்பு அல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூவில் கனிம உப்புக்கு ஓர் அட்டவணை, கரிமச் சேர்மத்துக்கு வேறோர் அட்டவணை. தேர்வில் எந்த அட்டவணை என்பதை வினாத்தாளே சொல்லிவிடும், பாட்டில் சொல்லாது. இது சாம்பல் மிச்சம் வைக்கும் பொருளா, இல்லையா என்ற கேள்வியை உப்புப் பகுப்பாய்வுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாம் அதை எங்கேயுமே வைப்பதில்லை.

புத்தகங்களில் ஆக்சலேட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு: அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கி, வரும் வாயு குழாயின் வாயில் நீலச் சுடருடன் எரிகிறதா என்று பார்ப்பது. அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. புகைக்கூண்டின் விசிறி நினைத்தால் சுற்றும், நினைத்தால் நிற்கும் ஆய்வகத்தில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. வேறு வழி கையில் இருக்கும்போது எதற்கு?

பெர்மாங்கனேட்

அந்த வேறு வழி இது. கரைசலோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட் விட்டோம். அறை வெப்பநிலையில் ஊதா நிறம் அப்படியே தயங்கி நின்றது. 60, 70 டிகிரிக்குச் சூடேற்றியதும் முதல் சொட்டு மெல்ல வெளுத்தது. அடுத்த சொட்டு அதைவிட வேகம். அதற்கடுத்தவை விழுந்த இடத்திலேயே மறைந்தன, சிறு குமிழ்கள் எழுந்தன, வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியது. வேகம் கூடுவதற்குக் காரணம், வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை முடுக்கிவிடுவது.

வெறும் நிறநீக்கம் மட்டும் சாட்சியாகாது. அன்னபேதியும் நைட்ரைட்டும் பெர்மாங்கனேட்டை வெளுக்க வைக்கும். ஆனால் அவை குளிர்ந்த கரைசலிலேயே உடனடியாகச் செய்யும். குளிரில் தயங்கி, சூட்டில் தொடங்கி, போகப் போக வேகம் பிடிப்பது ஆக்சலேட்டின் நடை.

இந்தக் கட்டத்தில் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "மொசைக் பாலிஷ் போடுறவங்க கடைசியில தேய்க்கிற பவுடர் இதுதான் மிஸ். எங்க வீட்டுத் தரைக்குப் போட்டப்ப பார்த்திருக்கேன்." சொல்லிவிட்டு, சிங்க்கின் ஓரத்தில் பல வருடமாகப் படிந்திருந்த துருக்கறையில் மிச்சக் கரைசலைக் கொஞ்சம் விட்டுத் துணியால் தேய்த்தார். கறை வெளிர்மஞ்சளாகக் கரைந்து இறங்கியது. இரும்பைப் பிடித்து நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுவது ஆக்சாலிக் அமிலத்தின் தொழில்.

எடையும் கன அளவும்

இவ்வளவுக்குப் பிறகும் மாணவிகளில் ஒருத்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "இதுவும் இன்னொண்ணும் கலந்திருந்தா, மிஸ்?" நியாயமான கேள்வி. பண்பறி சோதனைகள் என்ன இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. தராசுக்கும் ப்யூரெட்டுக்கும் போனோம்.

இங்கே ஒரு முடிச்சு இருந்தது. பள்ளிகளில் சோடியம் ஹைட்ராக்சைடின் திறனைக் கண்டுபிடிக்க நாம் பயன்படுத்தும் திட்டக் கரைசலே, அதாவது திறன் முன்கூட்டியே தெரிந்த கரைசலே, ஆக்சாலிக் அமிலம்தான். சந்தேகத்துக்குரிய ஆளையே சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதே. அதனால் சுற்றுவழி: உலர்த்திய சோடியம் கார்பனேட்டை எடையிட்டு, அதைக் கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், அந்த அமிலத்தைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடையும் தரம் பார்த்தோம். 0.0980 நார்மல் என்று வந்தது (நார்மல் என்பது கரைசலின் திறனைச் சொல்லும் அலகு). பெர்மாங்கனேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைக் கொண்டு தனியாகத் தரம் பார்த்தோம், 0.1010 நார்மல். இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று தொடவில்லை.

1.58 கிராம் படிகத்தை வாலை வடிநீரில் கரைத்து 250 மி.லி. ஆக்கினோம். அதில் 20 மி.லி. எடுத்து பினாப்தலீனை நிறங்காட்டியாக வைத்துத் தரம் பார்த்ததில் சோடியம் ஹைட்ராக்சைடு 20.3 மி.லி. செலவானது. இன்னொரு 20 மி.லி.யைக் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கித் தரம் பார்த்ததில் பெர்மாங்கனேட் 19.7 மி.லி. பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே 1.99 மில்லி சமானம். 20 மி.லி.யில் இருக்கும் படிகம் 126.4 மில்லிகிராம். வகுத்தால் சமான நிறை, அதாவது ஒரு மோல் ஹைட்ரஜனையோ ஒரு மோல் எலக்ட்ரானையோ தரும் பொருளின் எடை, 63.5 கிராம்.

படிகநீர் இரண்டு மூலக்கூறு கொண்ட ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 126.07, சமான நிறை 63.03. நீரற்றது என்றால் 45. ஆக, படிகநீர் உள்ள வடிவம். சூடாக்கியபோது தெரிந்த நீர்த்துளிகளோடு இது ஒத்துப்போகிறது.

இரண்டு தரம்பார்த்தல் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீரற்ற சிட்ரிக் அமிலத்தின் மோலார் நிறை 192.12. மூன்று ஹைட்ரஜன் தரும் அமிலம், எனவே சமான நிறை 64.04. எங்களுக்குக் கிடைத்த 63.5 என்பது 63.03க்கும் 64.04க்கும் நட்ட நடுவில் நிற்கிறது! 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் பள்ளித் தராசை வைத்துக்கொண்டு இதில் எது என்று சொல்லவே முடியாது. சோடியம் ஹைட்ராக்சைடை மட்டும் நம்பியிருந்தால் சிட்ரிக் அமிலம் தப்பித்துக் கூடவே வந்திருக்கும்.

சரி, பெர்மாங்கனேட்டை மட்டும் நம்பினால்? பொட்டாசியம் டெட்ராக்சலேட் என்று ஓர் அமில உப்பு உண்டு, மோலார் நிறை 254.19. ஒரு மோலில் இரண்டு ஆக்சலேட் இருப்பதால் பெர்மாங்கனேட்டுக்கு அதன் சமான நிறை நான்கில் ஒரு பங்கு: 63.55. எங்கள் எண்ணோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் காரத்தோடு அது மூன்று ஹைட்ரஜன்தான் தரும், அங்கே சமான நிறை 84.7 என்று காட்டிக்கொடுத்துவிடும். சிட்ரிக் அமிலமோ பெர்மாங்கனேட்டோடு இப்படி ஒழுங்கான கணக்குக்குக் கட்டுப்படாது. இரண்டு வழிகளிலும் ஒரே சமான நிறை தருவது ஆக்சாலிக் அமிலம்தான்: ஒரு மோல் இரண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது, அதே ஒரு மோல் இரண்டு எலக்ட்ரானையும் கொடுக்கிறது. கருப்பலகையில் இந்த மூன்று பொருட்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, சந்தேகம் கேட்டவள் தானே சாக்பீஸை வாங்கி இரண்டு பெயர்களை அடித்தாள்.

அதன்பிறகுதான் பதிவேட்டைத் திறந்தோம். அடித்தட்டுப் பட்டியலில் ஆக்சாலிக் அமிலம், அம்மோனியம் ஆக்சலேட், சோடியம் ஆக்சலேட் மூன்றும் அடுத்தடுத்து. பட்டியலை முதலிலேயே பார்த்திருந்தாலும் மூன்றில் எது என்ற கேள்வி மிச்சம் இருந்திருக்கும்.

பாட்டிலின் இப்போதைய நிலை

ஆக்சாலிக் அமிலம் நச்சுப்பொருள். உள்ளே போனால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோலில் பட்டால் எரிச்சல். பூட்டு போட்ட அலமாரிக்குப் போய்விட்டது. புதிய லேபிளில் பெயர், சோதித்த தேதி, அதோடு ஒரு வரி: 'பண்பறி சோதனைக்கு மட்டும்; திட்டக் கரைசல் தயாரிக்கக் கூடாது.' லேபிளின் மேல் அகலமான செல்லோடேப். மாணவிகளின் யோசனைப்படி, பாட்டிலின் கழுத்தில் கண்ணாடியில் எழுதும் பேனாவாலும் பெயர் எழுதியாகிவிட்டது. ஸ்டோர் ரூமின் அடித்தட்டு இனி பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் மட்டும்.

சோதனையில் மிஞ்சிய கரைசல்களை ஒன்றாகச் சேர்த்து, வெள்ளியும் பேரியமும் இல்லாதவற்றில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம். கால்சியம் ஆக்சலேட்டாக விழுந்தது. வெள்ளி, பேரியம் சேர்ந்தவை தனித்தனி ஜாடியில் ஈரமாகவே இருக்கின்றன.

தீராத ஒன்று, அந்த 63.5. அரை அளவு எங்கிருந்து வந்தது? மேலே கட்டிதட்டியிருந்த பகுதியில் ஈரம் ஏறியிருக்கலாம். தராசின் கடைசி இலக்கமும் காரணமாக இருக்கலாம்: 1.58 கிராமில் 0.01 பிசகினால் சமான நிறையில் 0.4 பிசகும். படிகத்தை வெந்நீரில் கரைத்து மறுபடி படிகமாக்கி, காற்றில் உலர்த்தி, பக்கத்துக் கல்லூரியின் நான்கு இலக்கத் தராசில் எடையிட அனுமதி கேட்டிருக்கிறோம். செய்முறைத் தேர்வு முடியட்டும் என்று மாணவிகள் நாள் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.